ஏழால் பெருக்கச் சொன்னவர்

வெகு காலத்துக்கு முந்தி நெடுங்கரை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு, அப்படி ஒரு ராஜா. அவன் சபையில் ஆறு ஆலோசகர்கள், ஆறு ஆசனங்கள். ராஜாவுக்கு வலப்பக்கம் இருந்த முதல் ஆசனம் இருபது வருஷமாகக் கணிதர் கனகசபேசருடையது.

ஒரு நாள் ராஜாவுக்கு என்ன தோன்றியதோ, முன்பு செக்கு ஆட்டிக்கொண்டிருந்த ஆலோசகன் செங்கோடனைக் கூப்பிட்டு, "உன் பேச்சுதானப்பா சுவாரசியம்" என்று அந்த ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டான். கனகசபேசர் இரண்டாவதுக்கு நகர்ந்தார். வயிறு எரியாமல் இருக்குமா? செங்கோடன் சிரித்தால் எரிந்தது, தும்மினாலும் எரிந்தது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"எண்ணெய் வாசம் தாங்கவில்லை, மகாராஜா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். "முதல் ஆசனத்துக்கு எண் தெரிய வேண்டும். எண்ணெய் தெரிந்தால் போதுமா?"

"எண்ணெய் என்று எழுதிப் பாருங்கள் ஐயா, முதலில் எண்தானே வருகிறது" என்றான் செங்கோடன்.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கனகசபேசர் நிதானம் இழந்தார்.

"ஆறு இலக்கத்தில் ஓர் எண் கொண்டு வரட்டும். இரண்டு முதல் ஆறு வரை எதால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள்தான் விடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவன் செக்குக்கே திரும்பட்டும். கொண்டு வந்தால் நானே போய்ச் செக்கு ஆட்டுகிறேன்."

அவரே தேடித் தேடிக் களைத்துப்போன எண் அது. கிடைக்கவே கிடைக்காது என்று நம்பினார்.

மறுநாள் காலை செங்கோடன் ஒரு தாம்பாளம் கொண்டு வந்தான். அதன் விளிம்பில் எள்ளால் வட்டமாக எழுதியிருந்தான்: 1, 4, 2, 8, 5, 7.

"செக்கு மாட்டின் பின்னால் நடக்கும்போது ஒரு படி எண்ணெயை ஏழு பேருக்கு மனக்கணக்காகப் பங்கு போடுவேன், மகாராஜா. பங்கு முடியவே முடியாது. இந்த ஆறும்தான் மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும்."

"நீரே பெருக்கும்" என்றான் ராஜா கனகசபேசரிடம்.

பெருக்கினார். இரண்டால், 285714. மூன்றால், 428571. நான்கால், 571428. ஐந்தால், 714285. ஆறால், 857142. அதே ஆறு பேர்தான், முன்னால் நிற்பவர் மட்டும் மாறினார். போட்டி அங்கே முடிந்தது. மனம் கேட்டால்தானே?

"ஏழாலும் பெருக்க வேண்டும்" என்றார். பெருக்கினார். 999999. முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா மகாராஜா, பழையது ஒன்றுகூட மிஞ்சவில்லை."

"ஆறு வரை ஒவ்வொருத்தராக முன்னால் வந்து வழிவிட்டார்கள்" என்றான் செங்கோடன். "ஏழு வந்ததும் ஆறு பேரும் நான்தான் பெரியவன் என்று ஒன்பதாக நிற்கிறார்கள்."

"ஏழால் பெருக்கச் சொன்னது யார்?" என்று ராஜா மெதுவாகக் கேட்டான். சபை முழுக்கக் கனகசபேசரைத் திரும்பிப் பார்த்தது.

அன்று முதல் ஆறு ஆலோசகர்களும் நாளுக்கு ஓர் ஆசனமாகச் சுற்றினார்கள். எல்லாருக்கும் முதல் ஆசனம் கிடைத்தது. ஏழாம் நாள் சபை கிடையாது. கணிதர் மட்டும் சொன்ன சொல்லுக்குச் செக்கு ஆட்டப் போக வேண்டும்.

முதல் ஏழாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பியவரை வாசலிலேயே மறித்தாள் மனைவி அபிராமவல்லி. மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன இது, இப்படி எண்ணெய் வாசம்?" என்றாள்.

"அதில் பாதி எண்தான். வழியை விடு" என்றார் கனகசபேசர்.