லூக்கா மதில்மேல் ஒரு குடும்பம்

மூளையை இயக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மட்டும் சொந்தத்துக்கு வைத்துக்கொண்ட நான்கு பேர் மன்னார்குடியில் இருந்தார்கள். மானிட எழுச்சிப் போர்முனை என்பது அவர்களுடைய கட்சி. ஒரு காலத்தில் பெரிய கட்சிதான். அது பிளந்தது. பிளந்தது மறுபடி பிளந்தது. கடைசியில் ஒரே ஆட்டோவில் பொதுக்குழு கூடலாம் என்கிற அளவுக்கு வந்து நின்றது. போன பிளவின்போது இலட்சியம் எழுதிய பலகையை எதிரணி தூக்கிக்கொண்டு போய்விட்டது. இவர்களிடம் மிஞ்சியது சபதம் ஒன்றுதான்: இலட்சியம் வெல்லும்வரை எவரும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. அது என்ன இலட்சியம் என்று இப்போது யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆனாலும் சபதம் சபதம்தானே!

தலைவர் போர்முரசு பொன்னரசனார். எழுபதைத் தாண்டியவர். முழங்குவது அவர் வேலை. பொதுச்செயலாளர் அறவாழி. சொன்னதைச் சொன்னபடியே செய்வது அவர் வேலை. "நான் வரும்வரை இங்கேயே உட்கார்" என்று ஒரு மறியலின்போது தலைவர் அவரைத் தபால் நிலையப் படியில் உட்காரவைத்துவிட்டுப் போய் வேறொரு தெருவில் கைதாகிவிட்டார். அவர் விடுதலையாகி வந்து பார்த்தபோது அறவாழி அதே படியில்தான் இருந்தார். முன்னால் விரித்திருந்த துண்டில் சில்லறை விழுந்திருந்தது. அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்துக் கைதட்டினார்கள்.

மூன்றாமவர் இடிமுழக்கம் தணிகைநாதன். எதிரணியிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன்தான் இங்கே வந்து சேர்ந்தவர். நான்காமவர் பொருளாளர் மருதையன். ஐம்பத்தெட்டு வயது. நால்வரில் கொஞ்சம் புத்திசாலி என்று அவரை ஊரில் சொல்வார்கள். மற்ற மூவரையும் பார்த்துவிட்டுச் சொன்ன பேச்சு அது.

மருதையனுக்கு ஒரு கவலை இருந்தது. அங்கயற்கண்ணி என்கிற உடற்பயிற்சி ஆசிரியை அவருக்காக முப்பது ஆண்டுகள் காத்திருந்து, பணி ஓய்வும் பெற்றுவிட்டார். சபதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று கட்சி விதியில் இடம் உண்டு. ஆனால் முழுப் பொதுக்குழுவும் கூடியிருக்க வேண்டும். ஊரில் அது நடக்காது. நால்வரில் யாராவது ஒருவர் எப்போதும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்.

அப்படிப்பட்ட நால்வருக்கும் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் நடந்த ஒடுக்கப்பட்டோர் மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. யாரோ எதையோ மாற்றி அனுப்பியிருக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று அங்கயற்கண்ணி சொன்னார்: "நாலு பேரும் ஒண்ணா சிக்கியிருக்கீங்க. இப்ப விட்டா இனிமே கிடையாது. கேட்டு வாங்கிட்டு வாங்க. கேக்காம வந்தீங்கன்னா என் வாசப்படி ஏறாதீங்க."

மாநாட்டில் தலைவர் தமிழில் முழங்கினார். ஒருவருக்கும் புரியவில்லை. ஆகவே ஒருவரும் மறுக்கவில்லை. மாபெரும் வெற்றி என்று அதை முடிவு செய்துகொண்டார்கள். மாநாடு முடிந்தும் விமானத்துக்கு ஒரு நாள் மிச்சமிருந்தது.

தங்கியிருந்த விடுதியில் நிரோஷன் என்கிற யாழ்ப்பாணத்துச் சமையல்காரர் இருந்தார். காலையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவரிடம், வரவேற்பு மேசையில் கிடந்த ஒரு வண்ணத் தாளை எடுத்துப்போய் நீட்டினார் அறவாழி.

"உதிலை, பிள்ளைகுட்டியளோட ஒரு நாளிலை போய் வரக்கூடிய இடங்கள் எண்டு போட்டிருக்கு அண்ணை" என்றார் நிரோஷன். "லூக்கா நல்ல இடம். ரயில்லை போகலாம். ஊரைச் சுத்தி மதில் இருக்கு. மதிலுக்கு மேலை ரோட்டு மாதிரி அகலம், மரமெல்லாம் நிக்குது. குடும்பச் சைக்கிள் வாடகைக்குக் குடுப்பினம்."

"நாங்கள் குடும்பம் இல்லாதவர்கள் ஆயிற்றே!" என்றார் தலைவர்.

சட்டியில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. "அப்ப நாலு பேரும் ஒரு குடும்பமாப் போங்கோவன்!" என்று சிரித்தார் நிரோஷன். "முன்னுக்கு ரெண்டு பிள்ளையள், பின்னுக்குத் தாய் தகப்பன். கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மதில் சுத்திக்கொண்டு வந்து ஏறின இடத்திலையே விடும்."

சொன்னவர் முட்டையைத் திருப்பிப் போடப் போய்விட்டார். கேட்டவர்கள் பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார்கள்.

தலைவர் தந்தை என்பதில் விவாதமே இல்லை. தாய் யார் என்பதில் கொஞ்சம் இழுத்தது.

"எல்லா வேலையும் பார்ப்பது யார்? பேர் கிடைக்காதது யாருக்கு?" என்று கேட்டார் தணிகைநாதன்.

"எனக்குத்தான்" என்றார் அறவாழி, கண்ணில் நீர் முட்ட.

"அப்போ நீங்கதான் தாய்."

பிள்ளைகளின் வயதை எப்படிக் கணக்கிடுவது? சைக்கிளில் பிள்ளைகள் இடத்துக்குப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. கட்சியில் சேர்ந்து நான்கு ஆண்டுதான் ஆகிறது என்பதால் தணிகைநாதனுக்கு வயது நான்கு என்று முடிவாயிற்று. மருதையனுக்கு அந்தக் கணக்குப் போட்டால் நாற்பது வரும். அது கூடாது என்பதால் தம்பிக்கு இரண்டு வயது மூத்தவராக ஆறு என்று வைத்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆறு வயது மருதையனும் கை தூக்கி ஆதரித்தார். மறுத்தால் தலைவர் கோபித்துக்கொள்வார், அப்புறம் விலக்குக் கேட்பதெப்படி என்று அவருக்குப் பயம்.

"நான் இவரை அண்ணேன்னு கூப்பிடணுமா?" என்று முனகினார் அறுபத்தாறு வயதுத் தணிகைநாதன்.

"கூப்பிடத்தான் வேணும். எதிர்த்துப் பேசாதே" என்றார் அறவாழி. அதற்குள் அவருக்குத் தாய்க் குரல் வந்துவிட்டது.

ரயிலில் பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார விடவில்லை. தலையை வெளியே நீட்டிவிடுவார்கள் என்று தலைவர் அஞ்சினார். சன்னல் திறக்கவே திறக்காத ரயில் அது. லூக்காவில் தெருவைக் கடக்கும்போது தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்புத் துண்டு போட்ட நான்கு கிழவர்கள் கைகோத்துப் போவதைப் பார்த்து ஒரு நிஜக் குழந்தை தன் அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

குடும்பச் சைக்கிளுக்கு நான்கு சக்கரம், மேலே துணிக்கூரை. பின்னால் பெரியவர்கள் மிதிக்க இரண்டு இருக்கை. முன்னால் சிறுபிள்ளைகள் உட்கார, வார் வைத்த ஒரு கூடை. மருதையனும் தணிகைநாதனும் அந்தக் கூடைக்குள் இறங்கினார்கள். கடைக்காரர் ஓடிவந்து, வேண்டாம், உடைந்துவிடும் என்று இரண்டு கைகளாலும் சொன்னார். உடனே தலைவர் முழக்கத்தை எடுத்தார்: "பிடுங்காதே! பிடுங்காதே! குழந்தைகளின் உரிமையைப் பிடுங்காதே!" மூவரும் திருப்பிச் சொன்னார்கள். கடைக்குமுன் கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் தலையில் கைவைத்து வண்டியை விட்டுவிட்டார். நாற்பது ஆண்டுகளில் போர்முனை வென்ற முதல் போராட்டம் அதுதான்.

வண்டியில் இரண்டு திருப்புவளையங்கள் இருந்தன. இடப்பக்கத்து வளையம்தான் சக்கரத்தைத் திருப்பும். வலப்பக்கத்தில் இருந்தது சும்மா பிடித்துக்கொள்வதற்கு, எதோடும் இணைக்கப்படாதது. தலைவர் பார்த்துப் பார்த்து வலப்பக்கம் உட்கார்ந்தார். அதை இப்படியும் அப்படியும் கம்பீரமாகத் திருப்பிக்கொண்டு வந்தார். அவருக்கு அது பழகிய வேலைதான்.

இடப்பக்கம் அறவாழி. மதில்மேல் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பொதுச்செயலாளரே, கண்ணைத் திறங்க!" என்று கூடைக்குள்ளிருந்து கத்தினார் மருதையன்.

"கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றுதானே நிரோஷன் சொன்னார்?"

"மரம் வருது! மரம்!"

"பெரியவங்க ஓட்டும்போது பிள்ளைகள் குறுக்கே பேசக்கூடாது" என்றார் தலைவர். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். தாய் மட்டும் மூடினால் ஒற்றுமை குலையும் என்பது அவர் நிலைப்பாடு.

முதலில் ஒரு குப்பைத் தொட்டி. அடுத்து, புல்லில் விரிப்பு விரித்து உண்டுகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் ரொட்டி. பிறகு ஒரு நாய். அது மட்டும் தப்பித்துக்கொண்டது, அதற்கு எந்தக் கட்சியும் இல்லை. கடைசியில் வண்டி ஒரு மரப்பெஞ்சில் மோதி நின்றது. பெஞ்சுக்குமுன் வெள்ளை உடுத்திய ஒரு மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் முக்காட்டுத் துணி பறந்துவந்து தணிகைநாதன் தலையில் விழுந்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மருதையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரை அவிழ்க்காமலே கூடைக்குள் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்தார். "தலைவரே, முழுப் பொதுக்குழுவும் இங்க இருக்கு. சபதத்துலேருந்து எனக்கு விலக்கு வேணும். நான் அங்கயற்கண்ணியைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்."

மரத்தில் ஒரு புறா படபடத்தது. தலைவர் கண்ணைத் திறந்தார்.

"விலக்குக் கேட்பது உன் உரிமை. ஆனால், தம்பி, உனக்கு வயது ஆறு."

"எனக்கு அம்பத்தெட்டு, தலைவரே!"

"அது உன் சொந்தக் கருத்து. தீர்மானம் ஆறு."

"குழந்தைத் திருமண எதிர்ப்பு மாநாடு நடத்தினோமே, மறந்துட்டியா?" என்றார் அறவாழி. "நீதானே பந்தலுக்கு மூங்கில் வாங்கியாந்தே? இப்ப நீயே குழந்தைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னா ஊர் நம்மளக் காறித் துப்பாதா?"

"அப்ப தீர்மானத்தை ரத்து பண்ணிருவோம். இங்கேயே."

"பின்வாங்குவதா?" தலைவர் எதற்கும் உதவாத அந்த வளையத்தை ஓங்கிக் குத்தினார். "போர்முனை எப்போதய்யா பின்வாங்கியது?"

மருதையன் அழுதார். ஆறு வயதுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. தாய்மனம் பொறுக்காமல் அறவாழி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "ஆணுக்குச் சட்டப்படி இருபத்தொண்ணு. ஆறு போனா பதினஞ்சு. பதினஞ்சு வருசம் கழிச்சுப் பிள்ளை தாராளமாப் பண்ணிக்கட்டும். சபதத்துலேருந்து விலக்கு. என்ன தலைவரே?"

"ஒப்புதல்" என்றார் தலைவர்.

மருதையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். நாற்பது ஆண்டுகளாக, இலட்சியம் வெல்லட்டும், வெல்லட்டும் என்றார்களே தவிர, என்றைக்கு என்று ஒருவனும் சொன்னதில்லை. இதோ, நாள் குறித்துவிட்டார்கள்! கூடைக்குள் துள்ளிக் குதித்தார். கூடையில் விரிசல் விட்டது.

வண்டி மெல்ல நகர்ந்தது.

"எனக்குப் பதினேழு வருசம் ஆகும் போலிருக்கே" என்று பொருமினார் தணிகைநாதன். "எவன்யா எனக்கு நாலு வயசு போட்டது?"

தலைவர் வளையத்தைத் திருப்புவதை விட்டுவிட்டிருந்தார். தொண்டையைச் செருமினார். "தோழர்களே, தந்தைப் பொறுப்பிலிருந்து இக்கணமே விலகுகிறேன். இனி நானும் ஒரு குழந்தை. வயது பதினொன்று."

பத்தே ஆண்டில் அவருக்குத் திருமண வயது வந்துவிடும். யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் கிழவர் முகம் சிவந்திருந்தது.

"தகப்பனே போனப்புறம் தாய்க்கு மட்டும் இந்த வீட்டுல என்ன வேலை?" என்று அறவாழியும் விலகினார். "எனக்கும் பதினொண்ணு. இரட்டைப் பிள்ளைன்னு வெச்சுக்குங்க."

"நான்தான் முதலில் பிறந்தவன்" என்றார் தலைவர்.

"யாரு சொன்னா? ஒரே வயசுன்னா ஒரே வயசுதான்!"

சிறுபிள்ளைகளுக்கு இடம் முன்கூடையில்தான் என்று மூத்தவர்கள் இருவரும் இறங்கிப்போய் அதே கூடைக்குள் ஏறினார்கள். மிதிக்க ஆளில்லாத வண்டி நடுமதிலில் நின்றது. கூடை தன்னால் முடிந்தவரை பொறுத்துக்கொண்டு, பிறகு நால்வரையும் புல்லில் கொட்டியது.

மருதையனுக்கு வலி தெரியவில்லை. விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே கைபேசியை எடுத்து மன்னார்குடிக்கு அழைத்தார்.

"கேட்டீங்களா?" என்றார் அங்கயற்கண்ணி, எடுத்த எடுப்பில்.

"கேட்டேன் அங்கா! ஒத்துக்கிட்டாங்க! நாள் குறிச்சாச்சு!"

அந்தப் பக்கத்திலிருந்து, பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிராத மெல்லிய குரல் வந்தது. "நெசமாவா? எந்த மாசம்?"

"மாசம் இன்னும் முடிவாகல. பதினஞ்சு வருசம் கழிச்சு."

"என்னது?"

"சட்டம் அப்படி, அங்கா. எனக்கு இப்ப ஆறு வயசுதானே ஆவுது."

முப்பது ஆண்டுகள் விசில் ஊதிப் பிள்ளைகளை மேய்த்த அந்த அம்மையார் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"சரிடா கண்ணு" என்றார். "பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடு."

மருதையன் சுற்றிலும் நன்றாகப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் இருவரும் யார் மூத்தவன் என்று ஒருவர் துண்டை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தணிகைநாதன் முழங்கால் சிராய்ப்பை ஊதி ஊதி விசும்பிக்கொண்டிருந்தார்.

"பெரியவங்க யாரும் இல்லையே அங்கா" என்றார். "பிள்ளைங்க நாங்க மட்டும்தான் தனியா இருக்கோம்."