மருமவனுக்குள் பாசி வளர்த்த மாமன்மார்

மலைக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது காத்தடிப்பொத்தை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்கள் ஆனி பாதியிலேயே அம்மியைக் கயிறு போட்டுத் தூணில் கட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட அறிவாளிகள்.

அந்த ஊரில் தளவாய் என்று ஒரு இளவட்டம். உழைப்பாளி, வம்புதும்புக்குப் போகாதவன், ஆனால் ஆள் முருங்கைக்காய். பக்கத்து ஊர் ஆவுடையைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறும் இறங்கவில்லை. ஆவுடைக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. குறுக்கே நின்றவர் அவள் அப்பா வைகுண்டம்.

"மாப்பிள்ளை குணம் தங்கம். ஆனா உங்க ஊர்க் காத்து பொல்லாதது. தாலி கட்டின மறுமாசமே இவரைத் தூக்கிட்டுப் போயித் தூத்துக்குடிக் கடல்ல போட்டுட்டா எம்மவ கதி என்ன? ஒரு அரிசி மூட்டை எடையாவது வேணும். ஆனி பொறந்ததும் வாரேன், தராசுல நிக்கட்டும். இல்லேன்னா வேற இடம் பாத்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

தளவாய் அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன் மூன்று பேர்தான் அவனுக்கு எல்லாம். மூத்தவர் பலவேசம், நடுவுள்ளவர் உச்சிமாகாளி, கடைசி கொம்பையா. மருமகன் கண் கலங்கியதும் மூவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"தாய்மாமன் நாங்க இருக்கையில நீ அழலாமாலே?" என்றார் பலவேசம்.

அழுதிருக்கலாம். அதுவே தேவலை.

மூவரும் அவனை நேரே பாக்கியத்தாயிடம் இழுத்துப் போனார்கள். ஊரில் மகளிர் குழு வைத்து, சிமெண்டுத் தொட்டியில் பச்சைப்பாசி வளர்த்து, காயவைத்துப் பொடியாக்கி விற்கிறவள் அவள்.

"இது கண்ணுக்கே தெரியாத நுண்பாசி. லட்சக்கணக்குல சேர்ந்தாத்தான் இந்தப் பச்சை" என்றாள் பாக்கியத்தாய். "புரதம் இருக்கு, இரும்புச்சத்து இருக்கு. அதுக்காக மந்திரம்னு நெனச்சிராதீங்க. ஒரு சிட்டிகை, சாப்பாட்டோட எடுத்துக்கிடணும். எடை ஏறணும்னா சோறு, பருப்பு, முட்டைன்னு நல்லாச் சாப்பிடணும்."

"பாசி எப்படி வளருது தாயி?" என்றார் கொம்பையா. அவருக்கு எதையும் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வெயிலு வேணும், தண்ணி வேணும், கலக்கிக்கிட்டே இருக்கணும். அடியில தங்கிட்டா கெட்டுப்போவும்."

மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதே பாக்கியத்தாய் பொடியைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

மத்தியானம் இலை போட்டார்கள். சோறு, பருப்பு, அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. தளவாய் கையை நீட்டினான். உச்சிமாகாளி தடுத்தார்.

"பொறு. பொடியைச் சாப்பாட்டோட எடுக்கச் சொன்னா. யாரு சாப்பாட்டோடன்னு சொன்னாளா?"

"சொல்லலையே" என்றார் பலவேசம்.

"பொடி மருமவனுக்குன்னு வாங்கினது. அதை அவன்தான் திங்கணும். சாப்பாட்டையும் அவனே தின்னா, கடமைன்னு நமக்கு என்ன மிச்சம்? ஒத்தாசையா ஒரு கை குடுக்காண்டாமா?"

"மாமா, எனக்குப் பசிக்குது" என்றான் தளவாய்.

"எங்களுக்கு மட்டும் ஆசையாடா? எல்லாம் உனக்காவத்தான்" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு முட்டையை வாயில் போட்டார் பலவேசம்.

அன்று முதல் மருமகன் பொடி தின்றான், மாமன்மார் சோறு தின்றார்கள். எல்லாம் ஒரே பந்தியில்தான். மருமகனுக்காக என்று மறுசோறு வேறு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலை கொம்பையா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, மோசம் போனோம்! பாசி இப்ப எங்க இருக்கு? இவன் வயித்துல. வயித்துக்குள்ள வெயிலு ஏது?"

"காயவெச்சுப் பொடிச்சது மாமா அது. இனிமே வளருமா?" என்றான் தளவாய். நால்வரில் அறிவு என்று கொஞ்சம் இருந்தது அவனிடம்தான். அதையும் பயன்படுத்த விடவில்லை.

"உளுந்தைக் காயவெச்சுத்தானலே வெதைக்கோம்? முளைக்காமலா போவுது?"

தளவாயைக் கூட்டிப்போய்க் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, வெயில் உள்ளே போகட்டும் என்று வாயை ஆவெனத் திறந்து சூரியனைப் பார்க்கச் சொன்னார்கள்.

அதற்குள் பலவேசத்துக்கு ஒரு யோசனை தட்டியது. "ஏய் நிறுத்துங்கவே! இரும்புச்சத்து இருக்குன்னாளே. இரும்பைத் தண்ணியில போட்டா?"

"துரு ஏறும்" என்றார் உச்சிமாகாளி.

மூவரும் கரையில் குந்தி நெடுநேரம் பேசினார்கள். பாசிக்குத் தண்ணீர் வேண்டும், இரும்புக்குத் தண்ணீர் ஆகாது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். கடைசியில் கொம்பையாதான் வழி சொன்னார். கலப்பையின் இரும்புக் கொழு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்வது போல, உச்சி முதல் உள்ளங்கால் வரை விளக்கெண்ணெய் பூசி மறுபடி இறக்கினார்கள்.

கலக்க வேண்டுமே? ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, தளவாயைத் தண்ணீரில் மத்துப் போலச் சுற்றினார்கள். எண்ணெய் பூசிய உடம்பு, பிடி நிற்கவில்லை. வழுக்கி வழுக்கிப் போனவனை விரட்டி விரட்டிப் பிடித்துக் கலக்கினார்கள். குளத்தில் துணி துவைத்த பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

"ஆவுடைக்காவ, ஆவுடைக்காவ" என்று முனகிக்கொண்டே சுற்றினான் பாவம்.

ஆனி பிறந்தது. பெரிய தராசு இருக்கிற விறகுக்கடைக்கு வைகுண்டம் வந்தார். தராசின் ஒரு தட்டில் அரிசி மூட்டை. மறுதட்டில் தளவாய் ஏறினான். மூட்டை அசையவே இல்லை. தளவாய்தான் தட்டோடு மேலே போய் நின்றான். நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதான்.

"முன்னைக்கு இப்ப இன்னும் இளைச்சுட்டாரே!" என்றார் வைகுண்டம்.

"அவசரப்படாதீரும் சம்மந்தி. எங்களைப் பாரும்" என்றார் பலவேசம். பார்த்தார். மூன்று பேருக்கும் கழுத்து என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. "கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும், கொடி பந்தல்ல படரும். வெதை அவன்கிட்ட, வெளைச்சல் எங்ககிட்ட. குடும்பத்துக்குள்ளதானே இருக்கு?"

மூவரும் தளவாயோடு தட்டில் ஏறினார்கள். சங்கிலி அறுந்து தராசு தரையில் விழுந்தது.

வைகுண்டம் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "தராசே தாங்கலைன்னா காத்து எப்படித் தூக்கும்? நாள் குறிச்சிருவோம்" என்றார்.

அந்த ஆனியிலேயே கல்யாணம் நடந்தது. தளவாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை; ஆவுடை தன் கையால் போட்ட சோற்றைத் தானே தின்றான் என்பது அதில் பாதி.

ஆடி பிறக்க இருந்த சமயம், வழக்கப்படி மகளைக் கூட்டிப்போக வைகுண்டம் சீர்த்தட்டோடு வந்தார். கணவாய்க் காற்று அதற்குள் ஊளையிடத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையை இந்தக் காற்றில் விட்டுவிட்டுப் போவதா என்று அவருக்கு மறுபடி கலக்கம்.

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் இவ்வளவு பாடு? காத்து அடிக்கையில கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தா ஆச்சு!"

இப்படி ஒரு வழி இருப்பது யாருக்கும் தோன்றவே இல்லை. கொம்பையா மட்டும் எழுந்து கதவைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல யோசனைதான் தாயி. ஆனா காத்தைத் தாங்குற எடை இந்தக் கதவுக்கு இருக்கா? எடை போடாம நம்பலாமா?"

நியாயம்தானே. கதவைக் கழற்றினார்கள். பலவேசமும் உச்சிமாகாளியும் முன்னால், கொம்பையாவும் தளவாயும் பின்னால் பிடிக்க, கதவை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு விறகுக்கடைக்குப் புறப்பட்டார்கள்.

தெருமுனை திரும்பியதும் காற்று கதவில் அறைந்தது. கதவு கப்பல் பாயாகிவிட்டது. நான்கு பேரையும் வாரித் தூக்கி, இரண்டு தெரு தாண்டி, கருவேலங்காட்டுக்கு மேலே கொண்டுபோய் வைக்கோல்போரில் போட்டது. வைகுண்டமும் ஆவுடையும் அலறிக்கொண்டு ஓடினார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து நான்கு தலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கதவு மட்டும் கை நழுவவில்லை.

"நல்லவேளை மருமவனே, கையில கதவு இருந்துது" என்றார் பலவேசம் மூச்சு வாங்க. "பிடிச்சுக்கிட ஒண்ணும் இல்லாமப் போயிருந்தா, அடிச்ச காத்துக்கு நம்மளைத் தூக்கிட்டுல்லா போயிருக்கும்!"