நரி நடத்திய கிளி ஜோசியம்

காட்டு ஓரத்தில் ஒரு ஏரி இருந்தது. அந்த ஏரியில் குமுதா என்று ஒரு நீர்க்கோழி இருந்தாள். ரொம்பக் கூச்சக்காரி. யாரிடம் பேசினாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுவாள். எதிரில் நிற்பவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் எப்படி இருக்கும் என்று கேட்டால் நகம் முதற்கொண்டு சொல்வாள்!

அவளுக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. இன்னும் கூடு கட்டவில்லை. போன வருஷம் கட்டிய கூடு மழையில் மூழ்கிப் போனது. ஆறு முட்டையும் தண்ணீருக்குள் போயிற்று. 

"ஏன் குமுதா, நானும் கோரையைக் கொண்டுவந்து போட்டுக்கிட்டே இருக்கேன். நீயும் பிரிச்சு எறிஞ்சுக்கிட்டே இருக்கே! எங்கேதான் கட்டப் போறே?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார்.

"பயமா இருக்குங்க. இந்தத் தடவையும் தப்பான இடத்துல கட்டிட்டா?"

"அப்படின்னா இலுப்பை மரத்தடிக்குப் போய் ஜோசியம் பார்த்துட்டு வா. ஊரே அங்கேதான் கிடக்குது!"

அது உண்மைதான். ஒரு மாசத்துக்கு முன்னால் பவளம் என்ற கிளி அந்தக் காட்டுக்கு நடந்து வந்தாள். ஆமாம், நடந்துதான் வந்தாள்! அவளை வைத்திருந்த ஜோசியக்காரர் இறக்கையைக் கத்தரித்து விட்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவர் மரத்தடியில் கண் அயர்ந்தார். கூண்டு திறந்து கிடந்தது. பவளம் மெதுவாக இறங்கி வந்துவிட்டாள்.

முதலில் பார்த்தது நரி. கவ்வ வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் பவளம், "நெல்லு இருக்கா? நெல்லு கொடுத்தா சீட்டு எடுப்பேன்!" என்றாள்.

திறந்த வாயை நரி மூடிக்கொண்டது. கிளியைத் தின்றால் இன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடு. கூடவே வைத்துக்கொண்டால் தினமும் சாப்பாடு!

சீட்டுக்கு எங்கே போவது? ஏரிக்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு வரும் மனிதர்கள் எறிந்துவிட்டுப் போனதையெல்லாம் நரி பொறுக்கியது. சோப்பு உறை, ஊறுகாய் பாக்கெட், மிக்சர் பாக்கெட், பல்பொடி அட்டை, தீப்பெட்டியின் மேலிருந்த ரயில் படம், பாதி கிழிந்த கல்யாணப் பத்திரிகை, சீட்டுக்கட்டை விட்டுப் பிரிந்துவந்த ஒரு ஜோக்கர். எல்லாவற்றையும் இலுப்பை மரத்தடியில் அடுக்கியது. நெற்றியில் செம்மண்ணைப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

குமுதா காணிக்கைக்கு ஒரு நண்டைக் கவ்விக்கொண்டு போனாள். அங்கே நல்ல கூட்டம். பொன்னையா என்ற குரங்குக்கு அப்போது ஜோசியம் நடந்துகொண்டிருந்தது.

"வாம்மா பவளம்! பொன்னையா பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடும்மா!" என்று நரி ராகம் போட்டது.

பவளம் அலகால் ஒவ்வொரு சீட்டாக இழுத்து ஓரத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். சோப்பு உறையை இழுத்ததும் நின்றுவிட்டாள்.

"சோப்பு வந்திருக்கு! ஏண்டா உனக்குப் பொண்ணு அமையலைன்னு இப்பத் தெரியுதா? குளிச்சு மூணு மாசம் ஆச்சு!" என்றது நரி.

"அய்யய்யோ, பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்றாரே!" என்று பொன்னையா கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பக்கத்துல வராமலே தெரியுதேடா! வாடை இங்கே வரைக்கும் வருது!" என்றது ஒரு அணில். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

குமுதாவுக்குப் பக்கத்தில் வேலம்மா என்ற கௌதாரி நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண் வீங்கிக் கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்று குமுதா மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எனக்கு ரயில் படம் வந்துச்சுடி. ரயில்னா இடம் மாத்தணுமாம். முள்ளுப் புதருக்குள்ளே கட்டாதே, அந்த மேட்டுல வெட்டவெளியாக் கட்டுன்னாரு. கட்டினேன். அஞ்சு முட்டை வெச்சேன். ஒரு நாள் இரை பொறுக்கிட்டு வந்து பார்த்தா ஒண்ணுகூட இல்லை."

"அப்ப ஜோசியம் பொய்யா அக்கா?"

"சீ, வாயைக் கழுவு! சீட்டு சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் ஒரு நாள் தள்ளிக் கட்டிட்டேனாம். அவரே சொன்னாரு. அதுக்குத்தான் பரிகாரம் கேட்க வந்திருக்கேன்."

குமுதா இன்னும் ஏதோ கேட்கப் போனாள். அதற்குள் நரி அவளைக் கூப்பிட்டுவிட்டது.

"வாம்மா, நீர்க்கோழி வீட்டுப் பொண்ணே! என்ன கவலை?"

"கூடு எங்கே கட்டறதுன்னு தெரியலை அண்ணே. போன வருஷம் தண்ணியில கட்டினேன். எல்லாம் போச்சு."

"அட பாவமே! வாம்மா பவளம்! குமுதா பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடும்மா!"

பவளம் இழுத்தாள். ஊறுகாய் ஓரமாகப் போனது. ஜோக்கர் போனது. கல்யாணப் பத்திரிகை போனது. தீப்பெட்டிப் படம் வந்ததும் நின்றாள்.

"ரயில்!" என்று நரி தொடையில் தட்டியது. "இடம் மாத்தணும்! தண்ணி உனக்கு ஆகவே ஆகாது. கரையேறு! அந்த மேட்டுல கட்டு. இன்னைக்கே கட்டு!"

கூட்டம் முழுக்க அந்தப் படத்தையே பார்த்தது. "ரயில்டா! வேலம்மாவுக்கு வந்த அதே ரயில்!" என்று பொன்னையா வாயைப் பிளந்தான்.

குமுதா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்த வேண்டுமே! அவள் வழக்கம்போல எதிரில் இருந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரியின் முன்னங்கால். சீட்டு ஒவ்வொன்றாகப் போகும்போது அந்தக் கால் இறுக்கி மூடியிருந்தது. ரயில் வந்ததும் திறந்தது. உள்ளே ஒரு நெல்மணி இருந்தது.

'இது என்ன?' என்று அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணே... இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"நூறு தடவை பாரு! உன் தலையெழுத்து ரயிலுன்னா ரயிலுதான் வரும்!" என்று நரி நெஞ்சை நிமிர்த்தியது. சீட்டை எல்லாம் கலைத்து அடுக்கியது.

பல்பொடி போனது. கால் மூடியிருந்தது. மிக்சர் போனது. கால் மூடியிருந்தது. ரயில் வந்தது. கால் திறந்தது. பவளம் நின்றாள், நெல்லைக் கொத்திக்கொண்டாள்.

"பார்த்தியா!" என்றது நரி.

குமுதா பார்த்துவிட்டாள். நன்றாகவே பார்த்துவிட்டாள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். இத்தனை பேருக்கு முன்னால் எப்படி வாயைத் திறப்பது? ஆனால் பக்கத்தில் வேலம்மாவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவள் கண்ணில் பட்டது.

குமுதா பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணே, இந்தத் தடவை நெல்லை நான் காட்டட்டுமா?"

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் கூடாது! நான் காட்டினாத்தான் பலிக்கும்! சாமி குத்தம் ஆயிடும்!"

"தலையெழுத்துன்னா யாரு காட்டினாலும் அதானே அண்ணே வரணும்?"

"கேட்குதில்ல, காட்டட்டுமே!" என்றான் பொன்னையா.

"நூறு தடவை பாருன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றது அணில்.

 குமுதா தரையில் உதிர்ந்து கிடந்த புல்லரிசியில், நெல் மாதிரி இருந்த ஒரு மணியை எடுத்துக் கால்விரலுக்குள் மூடிக்கொண்டாள். "வாம்மா பவளம், குமுதா பேருக்கு ஒரு சீட்டு எடும்மா" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

ரயில் படம் முதலிலேயே வந்தது. குமுதா விரலைத் திறக்கவில்லை. பவளம் ரயிலை ஓரத்தில் போட்டுவிட்டாள்! கூட்டம் "ஆ!" என்றது. சோப்பு போனது. ஜோக்கர் போனது. ஊறுகாய் வந்தது. குமுதா விரலைத் திறந்தாள். பவளம் நின்றாள்.

"ஊறுகாய் வந்திருக்கு அண்ணே! நான் எங்கே கூடு கட்டணும்? ஜாடிக்குள்ளேயா?"

மரமே குலுங்குகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். குமுதா மறுபடி செய்து காட்டினாள். மறுபடியும் ஊறுகாய்! மூன்றாம் தடவையும் ஊறுகாய்!

"அப்ப நான் குளிக்க வேண்டியதில்லையா?" என்றான் பொன்னையா.

"குளிடா! அதைச் சொல்றதுக்கு ஜோசியம் எதுக்கு!" என்றது அணில்.

நரி உறுமியது. "ஏ பவளம்! சீட்டுல இருக்கிறதைப் படிச்சுத்தான் எடுக்கிறேன்னு இவங்களுக்குச் சொல்லு!"

பவளம் கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்குப் பொய் சொல்ல யாரும் பழக்கியிருக்கவில்லை. "எனக்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாதுங்க. நெல்லுதான் தெரியும். நெல்லைக் காட்டினா நிறுத்தணும். அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. வேலம்மா முன்னால் வந்தாள்.

"பவளம், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எனக்கு ரயில் வந்துச்சே. அன்னைக்கும் இவர்தான் நெல்லைக் காட்டினாரா?"

"ஆமாம் அக்கா. ரயில் வந்தப்பத்தான் காட்டினாரு."

"கட்டினது இவர் சொன்ன மேட்டுல. அங்கே முட்டை இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?"

  இத்தனை நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த வேலம்மா ஒரே பாய்ச்சலாக நரியின் முகத்தில் விழுந்தாள். கொத்தினாள், கீறினாள். "ஒரு நாள் தள்ளிக் கட்டினேனா? நான் தள்ளிக் கட்டினேனா?" பொன்னையா வாலைப் பிடித்து இழுத்தான். அணில் காதைக் கடித்தது. நரி செம்மண் நெற்றியும் ரத்த மூக்குமாக ஓடியது. அந்தப் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

குமுதா வேலம்மாவை ஏரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.  பிரியும்போது, "உங்க மேல தப்பே இல்லை அக்கா" என்றாள். வேலம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்ன சீட்டு வந்துச்சு? எங்கே கட்டச் சொன்னாரு?"

"யாரும் சொல்லலைங்க. நான் சொல்றேன். தண்ணியிலேயே கட்டலாம்!"

"போன வருஷம் மூழ்கிப் போச்சே!"

"வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன். போன வருஷம் அந்தப் பட்ட கருவேலங்கட்டையில இறுக்கிக் கட்டினோம். தண்ணி ஏறிச்சு, கட்டை ஏறலை. கூடு எப்படி ஏறும்? கோரைக்கு நடுவுல மெத்தை மாதிரி தடிமனாப் போடுவோம். தண்டுக்கு நடுவுல லேசாச் செருகி விடுவோம். தண்ணி ஏறினா கூடும் மிதந்து மேலே வரட்டும். நரி வர்றதா இருந்தா நீந்தித்தான் வரணும். அதுக்குள்ளே நாம சும்மா இருப்போமா?"

வீட்டுக்காரர் அவளையே பார்த்தார். இவ்வளவு பேச்சை அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

"நிக்காதீங்க! கோரை கொண்டுவாங்க!"

இரண்டு பேருமாகச் சேர்ந்து அன்று சாயங்காலத்துக்குள் அடித்தட்டைப் போட்டார்கள். மறுநாளிலிருந்து குமுதா முட்டையிட ஆரம்பித்தாள். ஏழு முட்டை.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் ஊற்றியது. ஏரி கரை தொட்டது. கருவேலங்கட்டை காணாமல் போனது. வீட்டுக்காரர் கோரை கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, குமுதா முட்டையை விட்டு எழுந்திருக்காமல் கூட்டைச் சுற்றிலும் செருகிக்கொண்டே இருந்தாள். கூடு ஆடியது. சாய்ந்தது. ஒரு தடவை விளிம்புக்கே தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டே வந்தது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், முதல் முட்டையில் விரிசல் விட்டது. சாயங்காலத்துக்குள் கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி ஏழு குஞ்சுகள் அவள் பின்னால் நீந்தின. கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, குமுதா தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனாள்.

வழி சொல்கிறவனுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று பார்க்காமல், நம் பிள்ளைகளின் வாழ்வை அவன் கையில் ஒப்படைக்கக் கூடாது.