பிஸ்கட் டப்பாவில் இரண்டு பதக்கங்கள்

கோயம்புத்தூரில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்தார். சுங்க இலாகாவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஐரிஷ் சிப்பாய்கள் வாங்கிய பழைய பதக்கங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார்.

"அதென்ன ஐரிஷ்?" என்று யாராவது கேட்டால், "தன் நாட்டைப் பிடிச்சு வச்சிருந்தவனுக்காகவே போய்ச் சண்டை போட்டவங்க சார். நம்ம ஆளுங்க மாதிரியே" என்பார்.

அவருக்கு ஒரு குருவும் இருந்தார். குன்னூர் ரெஜினா டீச்சர். தணிகாசலத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு காலத்தில் பள்ளியில் சரித்திரம் நடத்தியவர். பதக்கத்தின் விளிம்பை விரலால் தடவியே, பெயர் அன்று பொறித்ததா பிற்பாடு வெட்டியதா என்று சொல்லிவிடுவார்.

முதல் தடவை போனபோது தணிகாசலம் தன் வெள்ளிப் பதக்கங்களை விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து எடுத்துப் போயிருந்தார். டீச்சர் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, அதில் தேய்ந்திருந்த ராஜா தலையைப் பார்த்தார்.

"ராஜாவுக்கு மூக்கைக் காணோமே சார்" என்றார்.

அன்றைக்குச் சிஷ்யர் ஆனவர்தான். பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

ஒரு நாள் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"கான்வென்ட்ல இருந்து ஒரு டப்பா வந்திருக்கு. வர முடியுமா?"

தணிகாசலம் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

அது துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. அந்தக் கான்வென்ட்டில் அறுபத்தைந்து வருஷம் இருந்து அங்கேயே கண்ணை மூடிய சிஸ்டர் பிரிஜிட் என்ற ஐரிஷ் கன்னியாஸ்திரீயுடையது. பழைய அறையை இடிக்கும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்ததாம். பள்ளியின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் இதை வைக்கலாமா, வைத்தால் அட்டையில் என்ன எழுதுவது என்று கான்வென்ட் தலைவி மதர் கேட்டு அனுப்பியிருந்தார்.

"நீங்க பார்த்து எழுதுங்க" என்று டீச்சர் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

உள்ளே இரண்டு பதக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினாற்போல் கிடந்தன.

முதலாவது வெள்ளி. முதல் உலகப் போரில் போன சிப்பாய்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. தணிகாசலத்திடம் அந்த மாதிரி இருபதுக்கு மேல் இருக்கிறது. விளிம்பைத் திருப்பிப் படித்தார். மார்ட்டின் ஹெஃபர்னன். கூடவே ஓர் ஐரிஷ் ரெஜிமென்ட்டின் பெயர்.

இரண்டாவதை எடுத்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். வெண்கலம். பாதி கறுப்பும் பாதி பழுப்புமான ரிப்பன். குறுக்கே ஒரு சின்னப் பட்டை. அதில் ஐரிஷ் மொழியில் 'போராட்டம்' என்று ஒரே சொல். பிரிட்டிஷ்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கு, இருபது வருஷம் கழித்துச் சுதந்திர அயர்லாந்து கொடுத்த பதக்கம். பெயர் எதுவும் இல்லை.

"டீச்சர்! இது கிடைக்காதான்னு பதினொரு வருஷமா அலையறேன்."

"தெரியும்."

"ரெண்டும் ஜென்ம விரோதிங்க டீச்சர். இவன் பிரிட்டிஷ் யூனிஃபார்ம் போட்டவன். அவன் அந்த யூனிஃபார்மைப் பார்த்தாலே சுட்டவன். விஷயம் தெரியாம யாரோ ஒண்ணாப் போட்டு வச்சிருக்காங்க."

வெள்ளியை மேஜையின் ஒரு கோடியில் வைத்தார். வெண்கலத்தைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அவர் சேகரிப்பிலேயே சிறந்த பதக்கம்.

"மதர்கிட்ட நீங்களே பேசுங்க. இதைக் கொடுத்துடறேன். எனக்கு அது ஒண்ணு போதும்."

டீச்சர் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை.

"டப்பாவைப் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேனே. வெறும் டப்பாதானே?"

"பாருங்க."

அடியில் பழுப்பேறிய காகிதம் விரித்திருந்தது. தணிகாசலம் அதை நகத்தால் நெம்பினார். கீழே, நாலாக மடித்த ஒரு கடிதம். பிரித்துப் படித்தார். இங்கிலீஷில் பென்சிலால் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'அன்புள்ள பிரிஜிட், அரசாங்கம் இதை எனக்கு அனுப்பியிருக்கிறது. ஊரில் எல்லாரும் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அன்று காலையில் மார்ட்டின் வேறு யார் தட்டியிருந்தாலும் கதவைத் திறந்திருக்க மாட்டான். என் குரலைக் கேட்டுத்தான் திறந்தான். பால் கறந்துகொண்டிருந்தவன், கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். நான் கூப்பிட மட்டும்தான் செய்தேன், சுட்டது மற்றவர்கள் என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று இப்போது ஊருக்கே தெரியும். அம்மா சாகிறவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. அவனுடையது உன்னிடம்தானே இருக்கிறது. உன் அண்ணன், டெனிஸ்.'

தணிகாசலம் கடிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். தப்பில்லை. 'கையைத் துடைத்துக்கொண்டே' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தபடி மேடேறிப் போனது.

"கூடப் பிறந்தவனை..." என்று தொடங்கினார்.

பக்கத்திலிருந்த வெண்கலத்தைப் பார்த்தார். சற்று முன்னால் அதை ஆசையாகத் தடவிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"நேத்துப் படிச்சேன். ராத்திரி சாப்பிடல."

அப்போதுதான் அவர் கவனித்தார். டீச்சரின் கண்கள் வீங்கியிருந்தன.

"அந்த சிஸ்டரைப் பார்த்திருக்கீங்களா?"

"எனக்கு ஒண்ணாங் கிளாஸ் எடுத்தாங்க. அப்பவே வயசானவங்க. பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து ஒரே பெஞ்ச்ல உட்கார வைப்பாங்க."

"சமாதானம் பண்ணவா?"

"பண்ண மாட்டாங்க. யார் மேல தப்புன்னும் கேட்க மாட்டாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் உட்காரணும். அவ்வளவுதான். நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். என் பென்சிலை உடைச்சவ பக்கத்துல."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அழுதேன். அவளும் அழுதா. சிஸ்டர் எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துட்டிருந்தாங்க. ஏன் அப்படிப் பார்க்கறாங்கன்னு அப்ப புரியல."

தணிகாசலம் எழுந்து ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார்.

"இதை அந்த அப்பாவியோட மெடல் பக்கத்துல வைக்கக் கூடாது டீச்சர். பாவம். மதர்கிட்ட சொல்லி வெள்ளியை மட்டும் கண்காட்சியில வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு எனக்கும் வேண்டாம். எங்கேயாவது போட்டுடுங்க."

டீச்சர் மேஜைக் கோடியிலிருந்த வெள்ளிப் பதக்கத்தை எடுத்தார். வெண்கலத்தையும் எடுத்தார். இரண்டையும் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தார். வெள்ளியின் பின்புறத்தில் வட்டமாக ஒரு கறை. வெண்கலத்தின் பின்புறத்திலும் அதே அளவில் ஒரு கறை.

"எத்தனை வருஷம் ஒட்டிக் கிடந்தா இப்படிக் கறை ஏறும்?"

தணிகாசலம் கணக்குப் போட்டார். கடிதம் வந்த வருஷம். சிஸ்டர் இறந்த வருஷம்.

"அம்பது வருஷம்."

"அவங்க கையில அம்பது வருஷம். அப்புறம் அலமாரிக்குப் பின்னால."

"அப்படின்னா மன்னிச்சுட்டாங்களா?"

"எனக்குத் தெரியாது சார்."

"மன்னிக்காமலா ஒண்ணா வச்சிருப்பாங்க?"

"அதுவும் தெரியாது. பதில் எழுதினாங்களான்னுகூடத் தெரியாது."

டீச்சர் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு பேனா.

"ஒரு அட்டைதான் இருக்கு" என்றார் தணிகாசலம்.

"ஒண்ணுதான் வேணும்."

தணிகாசலம் பேனாவைத் திறந்தார். பதினொரு வருஷத்தில் முந்நூறு அட்டையாவது எழுதியிருப்பார். பெயர், படைப்பிரிவு, போர், வருஷம். கை தானாக ஓடும். இன்று முள் காகிதத்தைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது. செத்தவன் என்று எழுத நினைத்தார். கொன்றவன் என்று எழுத நினைத்தார். தியாகி, துரோகி என்ற சொற்கள் வந்தன. எதை எந்தப் பதக்கத்துக்கு எழுதினாலும் பாதி பொய்யாகத் தெரிந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், கதவைத் திறந்தவனையும், கூப்பிட்டுத் திறக்க வச்சவனையும் ஒரே அட்டையில என்னன்னு எழுதறது?"

டீச்சர் டப்பாவை மெல்ல மூடினார்.

"பிரிஜிட்டோட அண்ணன்கள்னு எழுதுங்க."