முதல் ஊசி

“‘இந்த அம்மாவுக்குக் குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது’ன்னு என் முகத்துக்கு நேரா சொல்றார் லாயக்காரர். நீங்க என்னன்னு கேக்கவே மாட்டீங்களா டாக்டர்?”

பிலோமினாவின் புகாரை நஸ்ரீன் டாக்டர் காதில் வாங்கவில்லை. லாயத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினாவுக்கு ஐம்பது வயது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இருபது வருஷம் தோசை சுட்டவள். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம் இப்போதுதான் தொழில் கற்க வந்திருக்கிறாள்.

உள்ளே குட்டி, பிலோமினா போட்ட மயக்க ஊசியில், வைக்கோலில் மயங்கிக் கிடந்தது. முழங்காலில் கிழிசல், தையல் போட வேண்டும். தாய்க்குதிரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து சுவரை உதைத்தது. கிட்டே போனால் மண்டை மிஞ்சாது.

“முதல் ஊசி யாருக்குப் போட்டீங்க அக்கா?”

“இதென்ன கேள்வி? யாருக்கு வலியோ அவங்களுக்குத்தான்.”

“யாருக்கு வலி?”

“குட்டிக்கு.”

டாக்டர் மோவாயால் தாயைக் காட்டினாள்.

பிலோமினா பார்த்தாள்.

நின்றுகொண்டிருந்த பிள்ளை கண்ணெதிரே சரிந்திருக்கிறது. மூக்கால் முட்டினாலும் எழவில்லை. பெற்றவள் என்னவென்று நினைப்பாள்?

“முதல்ல இதுக்குப் போட்டிருக்கணும்,” என்றாள் மெதுவாக.

லாயக்காரர் கயிற்றைத் தளர்த்திப் பிடிக்க, குதிரை குனிந்து குட்டியின் மூக்கருகே மோந்தது. மூச்சு பட்டிருக்க வேண்டும். உதைப்பது நின்றது. டாக்டர் தாயின் கழுத்தில் ஊசியை ஏற்றினாள்.

“மருந்து பிடிக்கப் பத்து நிமிஷம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

பிலோமினா அவ்வளவு நேரம் வாயை மூடியதாகச் சரித்திரமே இல்லை. மூடினால் மகன் ஞாபகம் வந்துவிடும்.

அவன் போதை மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான். பார்க்கப் போகக் கூடாது. அது அங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் பேசலாம். நாலு ஞாயிறு போயிற்று. “நல்லாத்தான் இருக்கான், தூங்குறான்,” என்கிறார்கள். அவன் வந்து பேசுவதுதான் இல்லை.

குதிரையின் தலை தாழ்ந்தது. உதடு தொங்கியது. நின்ற இடத்திலேயே அசையாமல் இருந்தது.

“தைங்க அக்கா.”

ஏழு தையல். ஏழும் நேராக விழுந்தன. லாயக்காரர்கூட, “பரவாயில்லையே!” என்றார்.

பிலோமினாவுக்கு அது காதில் விழவில்லை.

டாக்டர் கை கழுவப் போனாள். குட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. பிலோமினா வைக்கோலில் மண்டியிட்டு அதன் காதோரம் குனிந்தாள்.

“எழுந்திரு ராசா. ஒரே ஒரு தடவை அம்மாவைக் கூப்பிடு.”