இரண்டு ரிமோட்

மழை பொய்த்த இரண்டாவது வருடம் அது. தேனிக்கு வடக்கே ஒரு கண்மாய் முழுவதும் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும், காற்று எழும்புவதற்கு முன், ஜெஸிந்தா அங்கே வந்து, தானே செய்த ரிமோட் விமானத்தைப் பறக்கவிடுவாள். மற்ற நாட்களில் மிக்சியும் மோட்டாரும் பழுது பார்க்கிறவள். வயது முப்பத்திரண்டு.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தவசி. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். நான்கு வருடமாக எதையும் ஓட்டுவதில்லை. சைக்கிள்கூட.

"இந்த வயசுல எதுக்குண்ணே இது?" என்று கேட்டாள்.

தவசி மறைக்கவில்லை. மலையிறக்கத்து வளைவு ஒன்றில் அவருடைய பஸ் கவிழ்ந்தது. கண்டக்டர் காசிமாயன் இறந்துபோனான். விசாரித்தவர்கள் ஸ்டியரிங் பழுது என்று எழுதி இவரை விடுவித்துவிட்டார்கள்.

"அவுங்க எழுதுனாங்க. ஆனா என் கை தப்பா ஒடிச்சிருச்சு டீச்சர். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நெசமா இந்தக் கைதானான்னு தெரியணும். தெரிஞ்சாத்தான் அவன் பொண்டாட்டி முன்னாடி போயி நிக்க முடியும். இன்னும் அந்தத் தெருவுப் பக்கம் போகல."

"அதுக்கு இது எதுக்கு?"

"பஸ்ஸுல இனிமே உக்கார முடியாது. கை எப்படி ஒடிக்குதுன்னு இதுல பாக்கலாம். இதுல விழுந்தா யாரும் சாக மாட்டாக."

"விழுந்தா என்னோட ஆறு வாரத்து வேலை சாகும்," என்றாள் ஜெஸிந்தா. "சரி, வாங்க."

முதல் வாரம் அவள் விமானத்தைத் தரையைவிட்டு எழுப்பவே இல்லை. சுவிட்ச் போடும்போது முதலில் ரிமோட், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு ரிமோட். அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். தவசி முகம் சுளிக்காமல் செய்தார்.

இரண்டாவது வாரம் இன்னொரு ரிமோட் கொண்டுவந்தாள். இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

"என் ரிமோட்டுல இந்த சுவிட்ச் இருக்கு பாருங்க. இதை நான் பிடிச்சிருக்கிற வரைக்கும் விமானம் உங்க கையில. விட்டுட்டா என் கைக்கு வந்துரும். அதுக்கப்புறம் நீங்க என்ன ஆட்டுனாலும் அது கேக்காது."

"நீங்க விட்டது எனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும்."

தெர்மாகோல் விமானம் எழும்பியது. தவசி அதோடு சேர்ந்து உடம்பையும் சாய்த்தார். அது இறங்கியபோது அவருடைய வலது கால் மண்ணை அழுத்தியது.

"அண்ணே, பிரேக் அங்க இல்ல."

தவசி காலை எடுத்தார்.

"ஹாரன் வேணும்னா சொல்லுங்க, ஒண்ணு மாட்டித் தர்றேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

தூரப் போகும்போது விமானம் அவர் சொன்னபடி போனது. திரும்பி அவரைப் பார்த்து வரும்போதுதான் குழப்பம். வலது என்று தள்ளினால் இடது பக்கம் போனது.

"போறப்ப கேக்குது. வர்றப்ப ஏன் டீச்சர் எதிரா போகுது?"

"அது ஒழுங்காத்தான் போகுது. அதோட முகம் இப்ப நம்ம பக்கம் திரும்பியிருக்குல்ல, அதோட வலது நமக்கு இடது. வர்றப்ப இடது வலதே நினைக்காதீங்க. எந்தப் பக்கத்து றெக்கை தாழுதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்க. தாழுற றெக்கைக்கு முட்டுக் குடுக்கிற மாதிரி."

தவசி அதை வீட்டில் வெறும் கையால் பழகினார். சோற்றின் முன் உட்கார்ந்தபோதும் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது ஞாயிறு. விமானம் கரையிலிருந்த கருவேல மரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. நேராக அவர்களைப் பார்த்து வந்தது. வலப்பக்கத்து றெக்கை தாழ்ந்தது. தவசியின் விரல் ஸ்டிக்கை இடப்பக்கம் ஒடித்தது. விமானம் கவிழ்ந்து, மூக்கால் தரையில் மோதியது.

சத்தம் பெரிதாக இல்லை. தவசி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீகல்ல. இதே கைதான். அன்னைக்கும் இப்படித்தான் ஒடிச்சேன்."

"நீங்கதான் கவுத்தீங்களா?"

"வேற யாரு?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"யோசிக்க என்ன இருக்கு? நான் ஒடிச்சேன், கவுந்துச்சு. கை உணர்ந்துச்சு டீச்சர். காசிமாயன் மேல சத்தியமாச் சொல்றேன், இந்தக் கைதான்."

ஜெஸிந்தா நடந்து போய் விமானத்தை எடுத்துவந்தாள். மூக்கு நொறுங்கியிருந்தது. ஒரு றெக்கை வயரில் தொங்கியது. பேட்டரி மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. அதை அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"ஸ்டிக்கை ஆட்டுங்க."

ஆட்டினார். தொங்கிய றெக்கையின் ஓரத்து மடல் அசையவில்லை.

"இன்னும்."

வலமும் இடமும் தள்ளினார். அசையவில்லை. ஜெஸிந்தா தன் சுவிட்சைப் பிடித்தாள். மடல் அவர் விரலுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. விட்டாள். நின்றுவிட்டது.

"மரத்தைத் தாண்டுனதும் காத்து எழும்புச்சு. அப்பவே சுவிட்சை விட்டுட்டேன். சொல்ல நேரமில்ல. திருப்புனது நான். கொண்டுவந்தது நான். கவுத்ததும் நான்."

தவசி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீக."

"ஆறு வாரத்து வேலைண்ணே. என்னாலதான் போச்சுன்னு சொல்றதுக்கு எனக்கென்ன ஆசையா?"

கண்மாய்க்குள் காற்று புழுதியை வாரி இறைத்தது. தெர்மாகோல் துண்டுகள் வெடிப்புகளின்மேல் உருண்டு போயின.

"அப்ப அந்தப் பஸ்ஸு?"

"எனக்குத் தெரியாதுண்ணே. உங்க கைக்கும் தெரியாது."

தவசி ரிமோட்டைத் தரையில் வைத்தார்.

"பெறகு அந்தப் பொம்பள கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

ஜெஸிந்தா விமானத்தின் பேட்டரியைக் கழற்றினாள்.

"தெரியலைன்னு சொல்லுங்க."