முட்டு எடுத்த நாள்

ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம். அவருடைய ராணி கர்ப்பமாக இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செங்கல்லால் வளைவுக் கூரை போட்ட அறை வேண்டுமென்று அவளுக்கு ஆசை. கொத்து வேலையில் அந்த நாட்டில் அங்காயியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ராஜாவோ, "என் பிள்ளைக்கு என் கையாலேயே கட்டுவேன்" என்று சாந்துக் கரண்டியை எடுத்துவிட்டார்.

மரத்தால் முட்டுக் கொடுத்து, அதன்மேல் கல்லை வளைத்து அடுக்கினார். ஒரு வரிசை முடிந்ததும், "மந்திரி, சரியாக வருகிறதா?" என்று கேட்டார். "மலை மாதிரி நிற்கிறது, ராஜா!" பாதி முடிந்ததும் கேட்டார். "மலை மாதிரி, ராஜா!" முழுதும் முடிந்ததும் கேட்டார். "மலையேதான், ராஜா!" மந்திரிக்குக் கோணல் நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

அந்த ஊர்க் கொத்தர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். முட்டுகளைத் தட்டி எடுக்கும்போது, கூரை போட்டவர் அதன் கீழேதான் நிற்க வேண்டும். ராஜாவும் போய் நின்றார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ராணியும் பின்னாலேயே வந்தாள். "எனக்காகத்தானே கட்டினீர்கள்? நானும் நிற்கிறேன்."

அப்போதுதான் ராஜா பயத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

"மந்திரி, மலை என்றீரே! ராணிக்குப் பதிலாக நீர் வந்து நில்லும்."

"ஐயோ ராஜா, எனக்கு இடுப்புப் பிடிப்பு, நடக்கவே முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டே மந்திரி வாசலுக்கு ஓடினாராம்!

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. ராணியை வெளியே அழைத்துவந்து, முட்டில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தார். தொட்டில் போடவிருந்த இடத்தில் கூரை மொத்தமும் விழுந்தது.

"என்ன ராஜா, மலை சரிந்துவிட்டதா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் அங்காயி. புதுக் கூரைக்கு ஒவ்வொரு கல்லையும் தட்டி, சத்தம் கேட்டு, பிறகே வைத்தாள். சாந்து இறுகும்வரை முட்டின் பக்கம் ஒருவரையும் விடவில்லை.

முட்டு எடுக்கும் நாளில் வெற்றிலை மென்றபடி கீழே நின்றாள். ராணி தானாகவே அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு முட்டு வந்தது. இன்னொன்று வந்தது. கடைசி முட்டும் வந்தது. அங்காயியின் தலையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது, அவ்வளவுதான். கீழே தாங்க ஒன்றுமில்லை. அத்தனை கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஆகாயம் போலக் கவிந்து நின்றன. ராஜா தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ராணியின் வயிற்றில் பிள்ளை புரண்டது.

மந்திரியா? அன்றிலிருந்து நாட்டில் யார் கூரை போட்டாலும், அவரோடு கீழே நிற்பது மந்திரியின் வேலையாயிற்று. "எப்படி இருக்கிறது, மந்திரி?" என்று கேட்டால், ஓரம் ஓரமாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாராம்.

பிள்ளை அந்தக் கூரையின் கீழே பிறந்து, நிம்மதியாகத் தூங்கியது. நீங்களும் தூங்குங்கள்.